புற்றுக்கு ஊற்றிய மோர்

தென்னமெரிக்காவில் சில எறும்புகள் இலையை நறுக்கி, அதில் பூஞ்சை பயிரிட்டுச் சாப்பிடும். நம் ஊரில் அந்த விவசாயம் கறையானிடம். புற்றுக்குப் புற்று அந்தப் பூஞ்சையின் டி.என்.ஏ. மாறுகிறதா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பை நானேதான் தேர்ந்தெடுத்தேன், யாரும் அடிக்கவில்லை.

ஐதராபாத்தைச் சுற்றி நான் தோண்டிய புற்றிலெல்லாம் ஒரே ரகம். வழிகாட்டி மேடம் மதுரைக்காரர். "எல்லாம் ஒண்ணுன்னா எதைப்பா எழுதுவ? வேற மாதிரி ஒண்ணாவது கொண்டா. இல்லேன்னா தலைப்ப மாத்து" என்றார். மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. மாமனாரிடமோ, 'அடுத்த வருஷம் முடிஞ்சிரும்' என்று வருஷா வருஷம் சொல்லிவந்தேன்.

போவன்பள்ளிச் சந்தைக்குப் பின்னால் ஆளுயரப் புற்று ஒன்று கிடைத்தது. மேலெல்லாம் மஞ்சள், குங்குமம். "முருகா" என்று கடப்பாரையை ஓங்கினேன். அதைக் கேட்டு ஓர் அம்மாள் தமிழிலேயே ஓடிவந்தார். ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட பழைய குடும்பமாம். பேச்சில் ஐதராபாத் உருது கலந்திருந்தது: 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் எதுக்கு.

"நக்கோ தம்பி, நக்கோ! நாகம்மா வீட்ட கைக்கு இடிக்கிற?"

"கறையான் வளக்கிற பூஞ்சை வேணும்மா. ஒரு துண்டு போதும்."

"மொதல்ல பால் ஊத்து. அப்புறம் ஓரமா எடுத்துக்கோ."

பாலுக்கு எங்கே போவது? சாப்பாட்டுப் பையில் மனைவி கொடுத்த மோர் இருந்தது. ஊற்றினேன்.

அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பால்ல கறிவேப்பிலை மிதக்குது?"

"வெயில் காலம்மா. பாம்புக்கும் சூடுதானே?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த இடைவெளியில் ஈரமாக ஒரு துண்டைப் பெயர்த்துவிட்டேன்.

முடிவு வந்தது. வேறு ரகம்! லட்டு வாங்கினேன். மாமனாருக்குப் போன் போட்டேன். மேடம் லட்டைக் கடித்தபடி திரையைப் பார்த்தார், மெல்லுவதை நிறுத்தினார்.

"இது ஈஸ்ட்டுப்பா. புளிச்ச மோர்ல இருக்கறது. புத்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

சொன்னேன். லட்டு புரையேறும்வரை சிரித்தார். "ஆக, உங்க வீட்டு உறைமோரை ஆராய்ச்சி பண்ணிருக்க. போய் அதே புத்துல ஒழுங்கா எடு. அதுவும் ஒண்ணுதான்னா, இத்தனை புத்து தோண்டியும் மாறலைன்னே எழுது. அதுவும் முடிவுதான்."

மறுநாள் பால் பாக்கெட்டோடு போனேன். அம்மாள் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"வா தம்பி. இன்னைக்கு என்ன, ரசமா?"

கெஞ்சிக் கூத்தாடி, முதலில் தோண்டிக்கொண்டு பிறகு பால் ஊற்ற அனுமதி வாங்கினேன். அதே பழைய பூஞ்சைதான் வந்தது. தலைப்பு பிழைத்தது.

மோர் மாதிரியை ஆய்விலிருந்து நீக்கியதை வீட்டில் சொன்னேன்.

"அது ஒண்ணுதானே வித்தியாசமா இருந்துச்சு?" என்றாள் மனைவி.