கதிரையைக் காட்டி, தண்ணீர் கொடுத்து

சுனாமிக்கு முன்னால் நான் ஆங்கில ரீச்சர். பள்ளிக்கூடத்தைக் கடல் கொண்டுபோனது. கரும்பலகை மாட்டிய சுவர் ஒன்றுதான் மிஞ்சியது. கொஞ்ச நாளில் வெள்ளை வாகனங்களில் நிவாரண நிறுவனங்கள் வந்து இறங்கின. அதில் ஒன்று என்னைப் பயிற்றுநர் ஆக்கியது. அவர்களுடைய கந்தோர்களை, அதாவது அலுவலகங்களை, நடத்துகிறவர்களுக்கு, ஆட்களோடு பழகுவது எப்படி, விதிமுறை தவறாமல் வேலை வாங்குவது எப்படி என்று நான் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. கொழும்பில் பத்து நாள் இருத்திப் படிப்பித்து, தடித்த கோப்பு ஒன்றைக் கையில் தந்து அனுப்பினார்கள். அதைத் தமிழாக்கிக்கொண்டு, ஆரையம்பதியில் ஒரு மண்டபத்தில் பயிற்சிச் செயலமர்வு நடத்தத் தொடங்கினேன்.

முடியாது என்று ஒருவரிடம் சொல்வதற்கு அந்தக் கோப்பில் ஐந்து படிகள் இருந்தன. வந்தவருக்கு உட்காரக் கதிரையைக் காட்டு. தண்ணீர் கொடு. குறுக்கே பேசாமல் கேள். அவர் சொன்னதையே திருப்பிச் சொல். கடைசியில் விதியைக் காட்டி, மெதுவாக, முடியாது என்று சொல். போகும்போது அவர் நன்றி சொன்னால் நீ தேறிவிட்டாய். இதை எவ்வளவு பெருமையாகச் சொல்லுவேன் தெரியுமா? நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

என் வகுப்பிலேயே கஷ்டமான ஆள் களுதாவளைக் கந்தோரின் முகாமையாளர். மனுசன் வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். மனைவியைக் கடல் எடுத்த நாளிலிருந்து இப்படி என்றார்கள். யாராவது லீவு கேட்டால், "வேலைக்கு வந்தியா, விளையாட வந்தியாடா?" என்று கூரை அதிரக் கத்துவார். கேட்டவனும் விடமாட்டான், எதிர்த்துக் கத்துவான். அந்தச் சண்டையில் உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு, "சரி சரி, போய்த் தொலை" என்று லீவைக் கொடுத்துவிடுவார். இந்தக் கடைசிப் பகுதியை நான் கவனிக்கவே இல்லை. ஏச்சை மட்டுந்தான் கண்டேன்.

மூன்று செயலமர்வு முடிய ஆள் அடியோடு மாறிவிட்டார். "மிஸ், இப்ப நான் பூனை மாதிரி" என்று என்னிடம் வந்து சிரித்தார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்த வகுப்புகளில் அவரையே எழுப்பி நிறுத்தி, இவரைப் பாருங்கள் என்றேன்.

அதற்குள் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் யுத்தம் திரும்பவும் தொடங்கியிருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஷெல் குண்டு விழாத நாள் இல்லை. அங்கே இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பதிவதற்கு, களுதாவளைக் கந்தோரிலிருந்து ஒருவர் வாரம் இரண்டு முறை வாவியைக் கடந்து போய்வருவார். தேற்றாத்தீவு ஆள், கல்யாணமாகி இரண்டு வருடம். பெயர்ப் பட்டியலோடு திரிகிறவனை அந்தக் காலத்தில் எந்தப் பக்கமும் நம்பாது. ஒருநாள் அந்தக் கரைப் படகுத் துறையடியில் அவரை மறித்து, "இனி இஞ்சால வராத" என்று சொல்லியிருக்கிறார்கள். மறித்தது யார் என்று அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அதுவே இன்னொரு ஆபத்து.

மறுநாள் அவர் முகாமையாளரிடம் போய், இந்த வாரம் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டார். முகாமையாளர் கதிரையைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தார். என்ன காரணம் என்று கேட்டார்.

"சொந்தக் காரணம் சேர்."

"உங்களுக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு, அதால இந்தக் கிழமை போக ஏலாது எண்டு சொல்றீங்க. விளங்குது தம்பி."

பிறகு விதியைக் காட்டினார். ஆபத்து இருக்கிறதென்று எழுத்தில் தந்தால் ஒழியப் பயணத்தை மாற்ற முடியாது. "எழுதித் தாறீங்களா?" எழுதுவதா? யாரென்று எழுதுவது? எழுதிய தாள் எந்தக் கைக்குப் போகும்?

"இல்ல சேர், நான் போறன். நன்றி" என்று அவர் எழும்பிவிட்டார்.

வியாழக்கிழமை போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் கரைத் துறையடியில் மோட்டார் சைக்கிள் சரிந்து கிடந்தது. பட்டியல் வைத்த பை அதிலேயே தொங்கியது.

கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் முகாமையாளரின் கோப்பைப் புரட்டினார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் நிரப்பச் சொல்லி நான் பழக்கிய படிவந்தான். ஐந்து படிக்கும் சரி போட்டிருந்தது. கீழே அவருடைய கையெழுத்தில், "ஊழியர் நன்றி கூறிச் சென்றார்." தவறு ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போனதும் முகாமையாளர் என்னை வாசலில் மறித்தார். அழுது கண் வீங்கியிருந்தது.

"மிஸ், நான் எல்லாம் சரியாத்தானே செய்தனான்?"

"ஓம்" என்றேன். அது பொய்யும் இல்லை.

வடக்கிலும் சண்டை ஓய்ந்து, இனிமேல் திரும்பி வர ஒருவரும் இல்லை என்றான பிறகுதான் தேற்றாத்தீவுக்குப் போக எனக்குத் துணிவு வந்தது. கந்தோரிலிருந்து வந்திருக்கிறேன் என்று மட்டும் அவருடைய மனைவியிடம் சொன்னேன். அவள் கண்ணீர் விடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, பலபேருக்குச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

"சேரிட்டக் கேக்கப் போன அண்டைக்குக் காலையில வெளிக்கிடக்குள்ள சொன்னவர் மிஸ், சேர் ஏசட்டும், இண்டைக்கு நானும் விடமாட்டன், எல்லாத்தையும் கத்திச் சொல்லிப்போட்டுத்தான் வருவன் எண்டு. மறுகா பின்னேரம் வந்து சொல்றார், சேர் ஏசவே இல்ல, கதிரையில இருத்தித் தண்ணி தந்தார், அவ்வளவு மரியாதையாக் கதைக்கிற மனுசனோட என்னண்டு சண்டை பிடிக்கிற எண்டு."

பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தச் சேர் முந்தி அப்படி இல்லையே. அவரை ஆரு மிஸ் இப்படிப் பழக்கினது?"

"தெரியல்ல தங்கச்சி" என்றேன்.