செல்வத்தைக் கூட்டிவர அதியமான்கோட்டைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நான் அதியமான்கோட்டைக்குப் போனது கோயில் பார்க்க அல்ல. என் தம்பி செல்வத்துக்கு முப்பத்தாறு வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அம்மா போன பிறகு பாப்பிரெட்டிப்பட்டியில் சித்திதான் வைத்துப் பார்த்தார். அவருக்கு மூட்டுவலி முற்றியதும், அதியமான்கோட்டையில் அவனைப் போன்றவர்கள் ஒரு பணியாளரோடு வாழும் வீட்டில் நான்காவது ஆளாக அவனைச் சேர்த்தோம். அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது. உடனே போனில் சித்தியின் ஒப்பாரி. "எளச்சுத் துரும்பாயிட்டான் கண்ணு. கூட்டியாந்துரலாம்."

அந்தத் துரும்பு எண்பத்தோரு கிலோ. சேர்க்கும்போது தொண்ணூற்றைந்து.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சித்தி கையில் இரண்டு பை முறுக்கும் அதிரசமும், என் மடியில் ஒரு தூக்குக் கறிக்குழம்பு. தருமபுரியிலிருந்து ஏழு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் சித்திக்குப் பொறுமை ஏது?

"இருநூத்தம்பதுங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"ஏழு கிலோமீட்டருக்கா?"

"ரிட்டன் காலியா வரணுங்களே."

சித்தி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்புறம் எங்கே பேரம் பேசுவது?

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மணி பொறுமையாகச் சொன்னார்: "கொழுப்புதாங்க கொறஞ்சிருக்கு, தசை கொறயல. டாக்டரு மெஷின்ல பாத்தாரு. தெனம் நடந்துபோயி இவருதான் பால் வாங்கியாறாரு."

"மெஷினுக்கு என்னங்க தெரியும்? வளத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊரே அவன்மேல் இருந்த பாசத்தை அவன் வாயில்தான் போட்டது. அழுதால் போண்டா, சும்மா உட்கார்ந்தாலும் போண்டா. மூச்சு வாங்கி நாலு படி ஏற முடியாமல் நின்றபோது ஒருத்தரும் பதறவில்லை. இளைத்தால் மட்டும் வளர்த்தவர்களுக்கு மானம் போய்விடுகிறது!

செல்வம் ஒரு அதிரசம் தின்றான். மீதியை மற்ற மூவருக்கும் பங்கு வைத்தான்.

"துணியெல்லாம் எடுத்து வை சாமி, வூட்டுக்குப் போலாம்" என்றார் சித்தி.

"வூடு இதான் சித்தி. நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும். நான் பால் வாங்கப் போவணும்."

இப்படிப் போகிறவர்களுக்கு: சேலம் போகும் பஸ்களில் சில ஊருக்குள் நிற்காது, கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பலகாரம் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் கொஞ்சமாகக் கொண்டுபோங்கள். முக்கியமாக, கூட்டிவரக் கிளம்பும் முன் அந்த ஆளையே ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்பும்போது தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சித்தி கேட்டார்.

"அப்ப நம்ம வூட்டுக்கு வரவே மாட்டானா?"

"வருவான் சித்தி. தீபாவளிக்கு, எல்லாரையும் போல."