எலியின் இடது காது

இன்றைக்கும் என் மாமாவை நினைத்தால் முதலில் எரிச்சல்தான் வரும். பாசம் அதற்குப் பிறகுதான். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் அவர் ஓர் எலி செய்தார். பிள்ளையாருக்கு வாகனம். சித்திரைத் திருவிழாவுக்குள் தருவதாகக் கோயிலில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கோயில் என்றால், பிளாசாவின் பின்பக்கத்தில் கார் ரயர் விற்கும் கடைக்குப் பக்கத்துக் கூடம்.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைத்தவர். ரெசின் பசைக்குள் இறுக வைக்கிற மருந்தைக் கலந்து நார்த்துணியில் பூசினால், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னம் கல்லாகிவிடுமாம். வாளிக்கு ஒரு மூடி மருந்து. அந்தக் கணக்கை அப்படியே கனடாவுக்குக் கொண்டுவந்திருந்தார். வெயிலைக் கொண்டுவரவில்லை.

பங்குனிக் குளிரில் கராஜுக்குள் மூச்சு புகையாகப் போனது. மாமா ஒரு மூடி கலந்து பூசினார். மறுநாளும் எலி பிசுபிசுத்தபடியே கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

“மாமா, உள்ளுக்கை கொண்டுவந்து செய்யுங்கோவன். பேஸ்மென்ற்றில ஹீற்றர் இருக்குத்தானே?”

“சுவாமி வேலை, பிள்ளை. வீட்டுக்குள்ள செய்யேலாது.”

குப்பை வாளிக்குப் பக்கத்தில் செய்தால் பிள்ளையாருக்குப் பரவாயில்லையாம், கார்ப்பெற் விரித்த பேஸ்மென்ற்தான் ஆகாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தமிழ் வகுப்பு முழுவதற்கும் எங்கள் வீட்டு எலி வரப்போகிறது என்று சொல்லிவைத்திருந்தேன்.

அடுத்த முறை பொறுமையிழந்து மூன்று மூடி ஊற்றினார். இறுகியதென்ன, புகையே வந்துவிட்டது. ஆறியபோது எலியின் முதுகு நீளத்துக்கு வெடித்திருந்தது. “தம்பி, உந்த எலியைத் தூக்கி எறியும்” என்று அப்பா மாமாவிடம் சத்தம் போட்டார். என்னவென்று பார்க்க அம்மா கதவைத் திறந்ததுதான் தாமதம், மாமா கத்தினார்.

“அக்கா, கதவைச் சாத்துங்கோ! உள்ளுக்கை போங்கோ!”

கூடப்பிறந்த அக்காவிடம் இப்படியா கத்துவது?

மூன்றாம் முறை போர்வைகளால் கூடாரம் கட்டி, உள்ளே பெரிய பல்புகளை எரியவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மெல்லிசாகப் பூசினார். போர்வைகளில் ஒன்று என்னுடையது. எலி நன்றாகத்தான் வந்தது. ஆனால் கராஜ் கதவின் இடுக்கால் வந்த குளிர் பட்ட இடது காது மட்டும் சரியாக இறுகவில்லை. திருவிழாவன்று அந்தக் காதில் பூவிதழ், விபூதி, யாரோ ஒருவரின் தலைமயிர் எல்லாம் ஒட்டியிருந்தன. வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

ஆவணியில் எனக்குத் தம்பி பிறந்தான். முதன்முதலாகக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, மாமா அவனை எலிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். முந்தின வருடம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்ததை எனக்கு வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருந்தார்கள். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும் என்று மாமா வைத்த நேர்த்திதான் அந்த எலி. அந்த ரெசின் மணம் அம்மாவின் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்றுதான் குளிருக்குள் கிடந்து மாரடித்தார். இதையெல்லாம் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னார்.

அன்றைக்கு நான் கண்டது, தம்பியின் குட்டி விரல் அந்தக் காதில் ஒட்டிக்கொண்டதை மட்டும்தான்.

“பாத்தீங்களோ மாமா,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினேன், “அப்பவே வீட்டுக்குள்ள வைச்சுச் செய்திருக்கலாம்.”

மாமா ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, அந்த விரலை மெல்லப் பிரித்தெடுத்தார்.