எக்ஸ்ரேயில் தெரியாத வெடிப்பு

உதைபந்தாட்டக் கழகமொன்றுக்குப் பிசியோதெரபிஸ்டாகப் போகும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. நகரத்தில் நான் வேலை செய்யும் தனியார் சிகிச்சை நிலையத்துக்கு, லிங்கநகர்ப் பக்கத்துக் கழகத்தின் செயலாளர் முழங்கால் நோவோடு வந்தார். பேருந்து நிலையத்துக்குக் கிட்ட ஹாட்வெயர் கடை வைத்திருப்பவர். நோ குறைந்ததும், பின்னேரங்களில் மைதானத்துக்கு வந்து தங்கள் பெடியன்களைப் பார்க்க ஏலுமா என்று கேட்டார். நான் யோசித்து முடிப்பதற்குள் நிலையத்தின் உரிமையாளர் ஓம் சொல்லிவிட்டார்.

நான் பாலையூற்றில் இருக்கிறேன் என்பதும், என் தம்பி பாலையூற்றுக் கழகத்தின் பின்வரிசையில் ஆடுகிறான் என்பதும் முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துபோயின. அதன்பிறகு நான் யாரையாவது ஓட வேண்டாம் என்று சொன்னால், அவன் செயலாளரின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான்.

அவர்களுக்குக் காலில் எது வந்தாலும் சுளுக்குத்தான். ஆகவே பயிற்சி தொடங்குமுன் கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். எலும்போடு எலும்பைப் பிடித்திருக்கும் நார் லிகமென்ட். கால் பிரண்டு அது இழுபட்டால் ஸ்ப்ரெய்ன். தசையோ, தசையை எலும்போடு இணைக்கும் டெண்டனோ இழுபட்டால் ஸ்ட்ரெய்ன். சடுதியாக வந்த காயம் வேறு, நாள்பட வளர்ந்து வந்த காயம் வேறு. வீங்கியவுடன் எண்ணெய் போட்டு உருவக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோல் காப்பாளன் மட்டும் கையை உயர்த்தினான்.

“ரெண்டும் ஒரே மாதிரித்தானே கேக்குது மிஸ். எங்களைக் குழப்புறதுக்கோ?”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் பகிடிக்குத்தான் கேட்டானா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன்.

சூடும் வறட்சியுமாகக் கச்சான் காற்று வீசிய மாதங்கள் அவை. மைதானம் கொங்கிரீட் போல இறுகிக் கிடந்தது. புல்லைத் தேடி வந்த மான்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் வெறும் மண்ணை முகர்ந்துவிட்டுப் போகும். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன், துறைமுகத்தில் படகு இன்ஜின் திருத்துகிறவன், ஒருநாள் பயிற்சி முடிந்து இடதுகாலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அந்தக் கழகத்தின் கோல்களில் பாதிக்கு மேல் அவன் அடித்தவை.

“கொஞ்ச நாளா நோகுது மிஸ். ஓடேக்க கூடுது.”

“எங்க நோகுதெண்டு காட்டுங்கோ.”

கணைக்கால் முழுவதையும் உள்ளங்கையால் தடவிக் காட்டியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எலும்பைச் சுற்றிய அழற்சியில் நோ நீளமாகப் பரவி இருக்கும். அவன் ஒற்றை விரலை முன்னெலும்பின் ஒரு புள்ளியில் வைத்தான். அதே இடத்தை நான் அழுத்தியதும் காலை இழுத்துக்கொண்டான். ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னேன். ஒருமுறை துள்ளிவிட்டு நின்றுவிட்டான்.

செயலாளரிடம் போய், ஸ்ட்ரெஸ் பிராக்சராக இருக்கலாம், ஆறு கிழமையாவது ஓடக் கூடாது என்றேன். பாலையூற்றோடு இறுதிப் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

“ஸ்ட்ரெஸ் எண்டால் மனசில வாறதெல்லோ? இவனுக்கென்ன மன அழுத்தம்? இன்னும் கலியாணமும் கட்டேல்ல.”

“இது மனசில்லை அண்ணை. இறுகின தரையில திரும்பத் திரும்ப ஓடி எலும்பு களைச்சுப்போறது. களைச்ச எலும்பில மெல்லிய வெடிப்பு விழும்.”

“எலும்பும் களைக்குமோ?” என்று கேட்டுவிட்டு, அவர் மைதானத்தின் மற்றப் பக்கத்தைப் பார்த்தார். “ஆரோட ஃபைனல் எண்டு தெரியும்தானே, தங்கச்சி?”

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் இப்படித்தான், இரண்டு மூன்று கிழமை கழித்து எலும்பு ஆறத் தொடங்கும்போதுதான் பல வெடிப்புகள் படத்தில் தெரியும், அதுவரை ஓடாமல் இருக்கட்டும் என்று வைத்தியர் சொன்னார். நான் அதை மைதானத்தில் சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை. படத்தைத்தான் கேட்டார்கள். செயலாளர் அதை வெயிலுக்கு நேரே பிடித்தார்.

“எங்க பிள்ளை, வெடிப்பைக் காட்டுங்கோ பாப்பம்.”

என்னிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. சுற்றி நின்றவர்கள் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்று வீட்டில் பழைய பாடப்புத்தகத்தை எடுத்து, தெரிந்த பக்கத்தையே திரும்பவும் வாசித்தேன். எனக்கே என்மேல் ஐமிச்சம் வந்திருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. வைத்தியரோடு தொலைபேசியில் கதைப்பதற்குக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே வந்தபோது தம்பி கதிரையில் இருந்து பூட்ஸ் கயிறு கோத்துக்கொண்டிருந்தான்.

“உங்கட முன்வரிசைக்காரன் எப்பிடி அக்கா?”

“ஏன் கேக்கிறாய்?”

“சும்மா.”

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சும்மா கேட்பதை நான் கவனித்ததில்லை. அதன்பிறகு போனை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கதைத்தேன்.

முன்வரிசைக்காரன் ஒரு கிழமை ஓடாமல் இருந்தான். பிறகு வந்து நோ போய்விட்டது என்றான். துள்ளிக் காட்டினான். பல தடவை, முகம் சுளிக்காமல். அந்த முகத்தில்தான் எனக்குச் சந்தேகம். பார்வையைத் தூரத்தில் ஒரு இடத்தில் குத்தி வைத்துக்கொண்டு துள்ளினான்.

“நோக்குளிசை ஏதும் போட்டனீங்களோ?”

“இல்லை மிஸ்.”

“காலைத் தொட்டுப் பாக்கட்டோ?”

“நேரம் போச்சு மிஸ், வேலைக்குப் போகோணும்.”

அவனை இறக்க வேண்டாம் என்று இறுதிப் போட்டியன்றும் சொன்னேன். செயலாளர் தலையை ஆட்டிவிட்டு அவன் பெயரை முதலாவதாக வாசித்தார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பாலையூற்றுப் பின்வரிசைக்காரர்கள் பந்தைவிட அவன் இடது கணைக்காலைத்தான் தேடினார்கள். ஒருவன் தட்டினான், இன்னொருவன் இடறினான். பிறகு என் தம்பி சறுக்கி வந்து பந்தோடு சேர்த்து அந்தக் காலையும் தட்டினான். நடுவர் ஊதினார். எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் நடுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது பாதியில் தலையால் பந்தை அடிக்க எழும்பிய முன்வரிசைக்காரன் இறங்கும்போது அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

“குளிசை போட்டனான் மிஸ்,” என்றான். “காலம்பற ரெண்டு. இடைவேளையில ரெண்டு. இப்ப அதுவும் கேக்குதில்லை.”

அட்டைத் துண்டு வைத்துக் காலைக் கட்டி, இரண்டு பேர் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். நானும் ஏறும்போது செயலாளர் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்:

“தம்பிக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கிறீங்கள்.”

ஆஸ்பத்திரியில் எடுத்த புதுப் படத்தில் வெடிப்பு தெரிந்தது. மயிரிழை போல ஒரு கோடு, அதைச் சுற்றி எலும்பு தன்னைத்தானே ஒட்ட முயன்ற வெண்மை. நல்ல காலம், எலும்பு முழுதாக முறியவில்லை. நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. ஆனால் அதை நினைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. குசினிக் கதவு எவ்வளவு மெல்லியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் போய் நின்றேன்.

“நான் போனில கதைச்சதைக் கேட்டனீயோ?”

“இல்லை.”

“அப்ப இடதுகால் எண்டு எப்பிடித் தெரியும்?”

அவன் கையைக் கோப்பைக்குள் வைத்தபடியே சொன்னான். “எங்கட ஆள் ஒருத்தன் ஆணி வாங்க உங்கட செயலாளற்ற கடைக்குப் போனவன். நீங்கள் எங்கட பக்கமாம், அவனை இறங்க விடாமல் பண்ண, இடதுகால் எலும்பு வெடிச்சிருக்கெண்டு பொய் சொல்றீங்களாம். கடை முழுக்கக் கேக்கத்தான் கதைச்சவராம். பொய்யோ மெய்யோ, தட்டிப் பாப்பம் எண்டு எங்கட கோச் சொன்னவர்.”

“நீயும் தட்டினனீ.”

“ஓம்,” என்றான். அதற்குப் பிறகு அவனால் சாப்பிட முடியவில்லை. எனக்கும் அவனோடு சில நாட்கள் கதைக்க மனம் வரவில்லை.

அவன் சொன்னதையும் நான் உடனே நம்பவில்லை. கடையில் அடிக்கடி நிற்கும் கோல் காப்பாளனைக் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தான். “ஓம் மிஸ், எல்லாரும் நிக்கேக்கதான் சொன்னவர். நானும் சிரிச்சனான்.”

நேரே கடைக்குப் போனேன். செயலாளர் முதலில் தான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். கோல் காப்பாளனும் சொன்னான் என்றதும் தராசில் கிடந்த ஆணிகளைக் கையால் ஒதுக்கினார்.

“சொன்னனான்தான். ஆனால் வெடிப்பிருக்கெண்டு நம்பாமல்தானே சொன்னனான், தங்கச்சி.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இனி ஒருவனின் காயத்தை அவனுக்கு மட்டும்தான் சொல்வேன், உங்களுக்கு, அவன் விளையாடலாமா இல்லையா என்பதை மட்டும் சொல்வேன், சம்மதமென்றால் வருகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்து ஓம் என்றார். அதற்குள் ஏதும் தந்திரம் இருக்கிறதா என்று அவர் தேடியது முகத்தில் தெரிந்தது.

முன்வரிசைக்காரன் பல மாதங்கள் என்னிடம் வந்தான். முதலில் ஊன்றாமல், பிறகு நடந்து, பிறகு புல்லுள்ள இடத்தில் மெல்ல ஓடி. இப்போது விளையாடுகிறான், நோ வந்தால் ஒளிப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் தம்பி பின்தொடைத் தசை இழுபட்டு எங்கள் நிலையத்துக்கு வந்தான். அடுத்த கட்டிலில் முன்வரிசைக்காரன் இன்னும் காலைப் பலப்படுத்தும் பயிற்சி செய்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். தம்பியின் தொடையை நான் அழுத்தியபோது அவன் பல்லைக் கடித்தான்.

முன்வரிசைக்காரன் காலை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தான்.

“மிஸ், இவருக்கு உண்மையாவே நோகுதோ?”

“அதை நான் உங்களுக்குச் சொல்ல ஏலாது,” என்றேன்.