வழிவுடு சாமி

கரும்புச் சோகை கீறிய முழங்கையில் வியர்வை இறங்கும்போது ஓர் எரிச்சல் வரும் பாருங்கள், பாகூர்ப் பக்கத்தில் நாங்கள் அதைச் "சொணை" என்போம். ஏழாம் வகுப்பில் படிக்கையில் அந்தச் சொணையோடுதான் நான் கல்வராயன் மலைக்குக் காட்டு விலங்கு பார்க்கப் போனேன். முந்தைய நாள் பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவோடு கரும்பு வெட்டுக்குப் போயிருந்தேன்.

அம்மாவின் குரல் எங்கள் ஊரில் பிரசித்தம். வெட்டு தொடங்குமுன் யாராவது ஒருத்தி வரப்பில் நின்று, கரும்புக்குள் இருக்கும் பாம்புக்கும் நரிக்கும் நாங்கள் வருகிற சேதியைச் சொல்லியாக வேண்டும், அந்த வேலை எப்போதும் அம்மாவுக்குத்தான். காலை அகட்டி நின்று, மூன்று முறை கை தட்டி, "போறோம், வழிவுடு சாமி" என்று இழுத்துக் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிடுகையில் பாம்பு என்றோ நரி என்றோ பெயரைச் சொல்ல மாட்டார்கள், உள்ளே இருப்பது எதுவானாலும் சாமிதான். "அது வூட்டுக்குள்ள சொல்லாம கொள்ளாம நொழைஞ்சா தப்பு நம்மளுது" என்பாள் அம்மா.

கரும்பை ஒட்டித்தான் எங்கள் பள்ளி இருந்தது என்பது என் தலையெழுத்து. கணக்குப் பாடம் நடக்கையில் அம்மாவின் குரல் ஜன்னல் வழியாக வந்து விழும், வகுப்பே திரும்பி என்னைப் பார்க்கும். என் பெயரே "வழிவுடு சாமி" ஆகிப் போனது. ஒருநாள் அழுதுகொண்டே, கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடக் கூடாதா என்று கேட்டேன். "மெதுவா கூப்ட்டா பாம்புக்குக் காது கேக்குமாடி?" என்றாள்.

பள்ளியிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் பட்டியலில் என் பெயரும் வந்தது தெரிந்தபோது அவள் வேறொன்று சொன்னாள். "பொறந்ததுலேர்ந்து இதுங்கள வெரட்டிக்கினே கீறேன், ஒண்ணக்கூட நின்னு பாத்தது கெடையாது. நீயாவது ஒண்ண நல்லா பாத்துட்டு வந்து சொல்லு." எனக்கு அது பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. எதையாவது பார்க்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மலையடிவாரத்தில் எங்களுக்குத் துணையாக வந்த வனக்காவலர் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். முதலில் வெறும் முள்காடு, செம்மண்ணும் காரைப் புதரும் வெயிலும்தான். ஒரு திருப்பத்தில் பாதை ஒடுங்கி, இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல் வந்து கையை உரசியது. முன்னால் போன வனக்காவலர் கையை உயர்த்தி, எதிரே மான் நிற்பதாகச் சைகை காட்டினார். அந்தச் சைகையை நான் கவனிக்கவே இல்லை. புல் கையில் பட்டதும் சொணை எரிந்தது, எரிந்ததும் காலை அகட்டி மூன்று முறை கை தட்டி, "போறோம், வழிவுடு சாமி" என்று கூப்பிட்டுவிட்டேன்.

சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது, மானின் வாலைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. "இன்னாடி பண்ணிவெச்ச?" என்றார் டீச்சர். என்னை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். பிறகு மூங்கில் வந்தது, அதற்கும் மேலே வெயிலே தரையில் படாத சோலை வந்தது, மரமெல்லாம் பாசி, மண்ணில் காலை வைத்தால் மெத்தென்று அமுங்கியது. எல்லாம் அழகுதான், நான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். மதியம் புளிச்சோற்றைப் பிரித்தபோது பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வேன் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேறு வழியாக இறங்கும்போது, உண்ணிச்செடி மண்டிய ஓர் இடத்தில் வனக்காவலர் நின்றுவிட்டார். பாதையோரத்துக் கரையான் புற்று அப்போதுதான் தோண்டிப் போட்டதுபோல ஈரமாகக் கிடந்தது. "கரடி. அதுக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது, திடீர்னு கிட்டப் போயி நின்னா மேல பாஞ்சிடும். இங்க சத்தம் போட்டுக்கினுதான் போவணும்" என்றார். காலையிலிருந்து அடக்கி வைத்த பிள்ளைகளுக்குச் சத்தம் எங்கே வரும்? பயம் வேறு. கீச்சுக்கீச்சென்றுதான் வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். "காலையில கூப்ட்ட பாப்பா எங்க? முன்னால வாம்மா."

போனேன். காலை அகட்டினேன், மூன்று முறை தட்டினேன், "போறோம், வழிவுடு சாமி" என்றேன். வந்தது என் குரல் இல்லை, அம்மாவின் குரல். எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொன்னது. கீழே, பாதைக்குச் சற்றுத் தள்ளி, புதரோடு புதராக இருந்த கறுப்பு ஒன்று எழுந்து நின்றது. வெளுத்த மூக்கு, நெஞ்சில் வெள்ளைக் கோடு. எங்கள் பக்கம் மூக்கை நீட்டி மோந்தது, பிறகு அவசரமே இல்லாமல் ஆடி ஆடி நடந்து பாறைக்குப் பின்னால் மறைந்தது.

"யாரும்மா இத உனக்குக் கத்துக் குடுத்தது?" என்று கேட்டார் வனக்காவலர்.

"எங்கம்மா" என்றேன். மொத்த வரிசைக்கும் கேட்கும்படித்தான் சொன்னேன். அன்றைக்கு வந்த பெருமை இன்னும் எனக்குக் குறையவில்லை.

வீட்டில் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். "ஓடிச்சா?" என்றாள். இல்லை, நின்று பார்த்துவிட்டு மெதுவாகப் போனது என்றேன். மறுநாள் வரப்பில் நின்று எல்லாப் பெண்களிடமும், "எம் பொண்ணு கூப்ட்டா, கரடி வழி வுட்டுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தது வகுப்பு வரைக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

இன்று நான் வில்லியனூரில் விளையாட்டு ஆசிரியை, மைக் இல்லாமலே மைதானத்தின் மறுகோடி வரை என் குரல் போகும். அந்தக் கரும்புக் கொல்லை மனைப் பிரிவாகிவிட்டது, மஞ்சள் வர்ணம் அடித்த கல் வரிசையாக நிற்கிறது. நரி ஊளையைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. போன மாதம் அம்மாவை ஸ்கூட்டரில் அழைத்து வந்தபோது அங்கே நிறுத்தச் சொன்னாள். விற்காத மனைகளில் கோரை இடுப்பளவு வளர்ந்திருந்தது. இறங்கி நடக்கப் போகிறாள் என்று நினைத்து, பழக்கத்தில் நான் காலை அகட்டிக் கையைத் தூக்கினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தட்டாதடி" என்றாள். "ஒண்ணாவது இருந்தா, நின்னு பாக்கலாம்."

வாயைத் திறக்காமல் இருவரும் வெகுநேரம் நின்றிருந்தோம்.