மூன்று மொழியில் சாவு சொன்னவர்

எங்கள் கேன்டீனில் மதியச் சாப்பாட்டோடு அரசியலும் பரிமாறப்படும். நாட்டுக்கே அரசியல் சட்டம் எழுதிய அந்தக் கண்ணாடிக்காரரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, வாய் முந்திக்கொள்ளும். அப்போது நான் ஓசூரில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு கடையில் அவருடைய பேச்சுகளை மலிவுப் பதிப்பில் வாங்கி, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படிப்பேன். பக்கத்து சீட்டில் வருகிறவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். நல்லவள்தான். "எந்நேரமும் இவரையே படிச்சிட்டு இருக்கியே. அவரு சொன்னதெல்லாம் அந்தக் காலத்துக்குச் சரி. இப்பல்லாம் யாரு அதப் பாக்கா?" என்பாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கம்பெனிக்குள் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரே யூனிஃபார்ம், ஒரே மாதிரித் தட்டு. போதாக்குறைக்கு ரொட்டேஷன் வேறு. இன்று டேப் சுற்றுகிறவள் சில வாரம் கழித்து கனெக்டர் மாட்டுவாள், அப்புறம் டெஸ்டிங் போர்டுக்குப் போவாள். கையும் முதுகும் வலிக்கிற இடத்தில் ஒருத்தியையே நிறுத்தி வைக்கக் கூடாது என்று வந்த ஏற்பாடு அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாதி என்றால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது என்று சிலர் பூசி மெழுகுவார்கள். இல்லை, வேலை செய்கிற மனுஷர்களையே பிரித்து மேலே கீழே அடுக்கி வைப்பதுதான் சாதி என்று அவர் சொன்னதை நான் டேப் சுற்றிக்கொண்டேதான் புரிந்துகொண்டேன். கம்பெனியில் வேலை கைமாறிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் வேலை ஒரு ஆளைப் பிடித்தால் விடாது.

அப்பாவைப் பிடித்த வேலை, சாவு சொல்வது. எங்கள் ஊர் கெலமங்கலத்துக்குப் பக்கம். மேல்தெருவில் யார் செத்தாலும், வெளியூரில் இருக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு எங்கள் தெரு ஆள்தான் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். அந்த ஆள் தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பத்து ஆள். சூளகிரிப் பக்கம் தெலுங்கில், ஆனேக்கல் பக்கம் கன்னடத்தில், ராயக்கோட்டைப் பக்கம் தமிழில் என்று அப்பாவுக்கு மூன்று மொழியில் சாவு சொல்லத் தெரியும். வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, அங்கேயே இலையில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வருவார். வேறு வீட்டில் பிறந்திருந்தால் இந்த மூன்று மொழிக்கு மேசை போட்டு உட்கார வைத்திருப்பார்கள்.

நான் சண்டை போடாத சாவு இல்லை. "முறைம்மா. போவலன்னா உங்கம்மாவ தக்காளி பறிக்க யாரு கூப்புடுவாங்க?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அம்மாவுக்குக் கூலி வேலை மேல்தெருக்காரர்களின் தோட்டத்தில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்தெருவில் பெரிய வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். அவருடைய தம்பி மகன் பைக்கில் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றான். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பைக்கை விட்டு இறங்கவில்லை, காதில் செல்போன். பெரியப்பா விடியற்காலையில் போய்விட்டார், சாயங்காலத்துக்குள் எடுக்கிறோம், சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று ஆனேக்கல் சொந்தக்காரர்களிடம் கன்னடத்தில் சொல்லி முடித்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"டேய், பெரியப்பா போயிட்டாரு. ஆனேக்கல் போய்ச் சொல்லிட்டு வந்துரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இப்பத்தானே நீங்களே அவங்களுக்குச் சொன்னீங்க?"

"போன்ல சொன்னா ஆச்சா? முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அவர்களுக்கு வேண்டியது செய்தி போய்ச் சேர்வது இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா போய் அந்த வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து சீட்டுக்காரி இந்த நேரத்தில் இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கிராமத்தை நினைத்து எல்லோரும் உருகிய காலத்தில் உருகாத மனுஷர், நான் பஸ்ஸில் படிக்கும் அந்தக் கண்ணாடிக்காரர். அவர் எழுதும்போது எங்கள் ஊரில் கரண்டு கம்பம்கூட நட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் செல்போனும் கையுமாகப் பைக்கில் உட்கார்ந்திருந்த இவனைப் பற்றித்தான் எழுதி வைத்திருந்தார்.

"எங்க கம்பெனில ரொட்டேஷன்னு ஒண்ணு இருக்குதுங்க," என்றேன். "ஊர்லயும் அத வெச்சிக்கலாம். இந்தச் சாவுக்கு எங்கப்பா போவட்டும். எங்க தெருவுல அடுத்த சாவு விழுந்தா நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. பைக் இருக்குது, சீக்கிரமா வந்துரலாம்."

எதிர்வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவன் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினான். "பொட்டப் புள்ளைய பேசவிட்டு நீ வாயப் பொத்திக்கினு நிக்கிறியா? போறியா, இல்லியா?"

பேசியவள் நான், திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். நாள் முழுக்க இந்த ஊரில் இருக்கப்போவது அப்பாவும் அம்மாவும். அம்மா வேண்டாம் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போலக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இல்ல தம்பி," என்றார் அப்பா.

அந்த வீட்டுக் கைக்குழந்தையைக்கூட அவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். 'தம்பி' என்று கேட்டதும் அவன் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தித்திக்கிறது. "இனிமே சாவு சொல்றதுக்குப் போவ மாட்டேன். பெரியவரு மொகத்த ஒருவாட்டி பாக்கணும். அதுக்கு வரேன்," என்றார்.

"வந்துருவியா நீ? வா, பாத்துக்கறேன்," என்று அவன் பைக்கைத் திருப்பினான்.

அதன் பலனை அம்மாதான் அனுபவித்தாள். அதற்கப்புறம் எந்தத் தோட்டத்துக்கும் அவளைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ரோஜாப் பண்ணை ஒன்றுக்குப் பூ வெட்டப் போனாள். "எல்லாம் உன் வாயால வந்தது," என்று இப்போதும் சொல்வாள், சொல்லும்போது சிரிப்பாள். பக்கத்து சீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க ஊர்லயும் இப்படி ஒருத்தரு வருவாரு. அவரு எதுக்கு வாராருன்னு நான் யோசிச்சதே இல்ல," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா குளித்து, கல்யாணங்களுக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கெலமங்கலம் போய் ஒரு ரோஜா மாலை வாங்கிவந்தார். எங்கள் ஆட்கள் மேல்தெருவில் செருப்போடு நடப்பதில்லை. பெரிய வீட்டில் சாவு என்றால் கேட்டுக்கு வெளியே நிற்போம், பிணத்தை வெளியே எடுத்து வந்தால் தூரத்தில் இருந்து முகம் பார்ப்போம். "செருப்பையாவது கழட்டிட்டுப் போ," என்றாள் அம்மா. அப்பா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நானும் கூடக் கிளம்பினேன்.

"நீ வேணாம். நீ வந்தா நீ செஞ்சதா ஆயிடும்," என்றார்.

போனவர் வெகுநேரம் வரவில்லை. மேல்தெருப் பக்கம் பட்டாசு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. என் வாயை நானே சபித்துக்கொண்டு வாசலுக்கும் தெரு முனைக்குமாக நடந்தேன்.

கடைசியில் அப்பா வருவது தெரிந்தது. முதலில் அவருடைய சட்டையைத்தான் பார்த்தேன், கிழியவில்லை. கையில் மாலை இல்லை.

"மாலை போட விட்டாங்களாப்பா?"

"ம்."

"கேட்டுக்கு உள்ள கூப்புட்டாங்களா?"

அப்பா செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாக வைத்தார்.

"கூப்புடல. நானே போனேன்."