தண்ணீர் டப்பா வைத்த கார்

பழைய காரின் பானட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டபடி என் வீட்டுக்காரர் நின்றிருந்த அந்த மாதங்களில், என்னால் வீட்டுக்குள் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களைந்துகொண்டே இருப்பேன், பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். ஏதாவது கருகுகிறதா என்று மோந்து பார்ப்பேன். திரும்பி உள்ளே போனால் வெளியே டங்கென்று ஏதாவது விழும். மறுபடியும் ஓடிவருவேன். "காலுல சக்கரம் கட்டிக்கினியா நீ?" என்பார், தலையைத் தூக்காமலே.

அவர் ஓசூரில் ஒரு முலாம் பூசுகிற கம்பெனியில் வேலை பார்த்தவர். இரும்புச் சாமான்களைத் தொட்டியில் இறக்கி, தண்ணீருக்குள் கரண்ட் விட்டு, பளபளவென்று எடுக்கிற வேலை. கம்பெனி வேறு ஊருக்கு மாறியபோது வயதானவர்களை நிறுத்திவிட்டார்கள். கணக்குத் தீர்த்து வந்த பணத்தில் ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, வாடகைக்கு ஓட்டப்போகிறேன் என்றார். சவாரி அத்தனை வரவில்லை. காரை வாசலில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு, போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். தண்ணீரில் கரண்ட் விட்டால் அது இரண்டு விதமான கேஸாகப் பிரியுமாம். அதைக் குழாய் வழியாக இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டால் பாதி பெட்ரோல் போதுமாம். தெலுங்கில் ஒருவன் சொன்னான், கன்னடத்தில் ஒருவன் சொன்னான், தமிழிலும் ஒருவன் சொன்னான். எங்கள் பக்கத்தில் மூன்று பாஷையும் எல்லோருக்கும் வரும். அதுவே அவருக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது. மூன்று பேர் மூன்று பாஷையில் ஒரே பொய்யைச் சொல்லமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

பழைய இரும்புக் கடையிலிருந்து எவர்சில்வர் தகடுகள் வந்தன. அவற்றைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமலிருக்க இடையிடையே சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு அடுக்கினார். அந்த அடுக்கை வைக்க டப்பா வேண்டுமே. சமையலறைச் சுவரில் இருந்த தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினைக் கழற்றி, அதன் கண்ணாடி போன்ற பில்டர் டப்பாவை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து குடிக்க கேன் தண்ணீர்தான். டப்பாவில் பேட்டரித் தண்ணீரை ஊற்றி, என் அலமாரியிலிருந்த ஆப்ப சோடாவையும் போட்டார். பக்கத்து வீட்டுக் கன்னடத்துக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, உங்கூட்டுக்காரரு காருக்கு ஆப்பம் சுட்டுப் போடறாரா?" என்று கேட்டாள். அவளோடு நானும் சிரித்தேன். உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நிற்கக் காரணம் இருந்தது. கேஸ் வருகிறதா என்று பார்க்க, ஒரு நாள் அவர் என் எவர்சில்வர் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்து, குழாயை அதற்குள் விட்டார். நுரை பொங்கியது. குழாயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நீளமான ஊதுபத்தியைக் கொளுத்தி நுரைக்கு மேல் நீட்டினார். தீபாவளி வெடி வெடித்த மாதிரி சத்தம். மாடியில் காய்ந்த துணியை விட்டுவிட்டு யாரோ ஓடினார்கள். கிண்ணம் கவிழ்ந்து உருண்டது. எனக்குக் காது அடைத்துப்போய், அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவர் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனி நின்றபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

எங்கள் ஒரே பெண்ணை ராயக்கோட்டையில் கொடுத்திருந்தோம். அவளுக்கு அப்போது வளைகாப்பு வந்தது. வளையல் அடுக்கி முடித்ததும் பிள்ளைப்பேறுக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். மருமகன் நல்ல பையன், வாடகைக் கார் சொல்லிவிடுகிறேன் மாமா என்றார். இவரோ, சம்பந்தி வீட்டார் எல்லோரும் கேட்க, "எம்பொண்ண எங்கூட்டு வண்டியிலதான் கூட்டியாருவேன். தண்ணியில ஓட்டிக் காட்டறேன், பாருங்க" என்று போனில் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. கிண்ணத்து நுரைக்கே அந்தச் சத்தம் என்றால், டப்பா நிறைய இருக்கிற கேஸ் என்ன செய்யும்? அது இருக்கிற வண்டியில்தான் என் பெண் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்காரப்போகிறாள். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை வாசல்வரை வந்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவரிடம் மட்டுமில்லை, யாரிடமும் நேராக நின்று வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். டீ வைத்துவிட்டு நிற்பேன். என்ன என்பார். சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு தடவை மட்டும், வாடகைக் கார் என்றால் ஏசி இருக்குமே, அவளுக்கு நல்லது என்று இழுத்தேன். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்றார்.

வளைகாப்புக்கு முதல் நாளே அவருடைய அக்கா நாகரசம்பட்டியிலிருந்து மாங்காய்ப் பையோடு வந்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் அண்ணி. விடிந்ததும் கட்டுச்சோறு கிளறினோம். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று தூக்குகளில் அடைத்து நான் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ராகுகாலம் பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று அண்ணி அவசரப்படுத்தினார்கள். அவர் பானட்டைத் திறந்து, டப்பாவின் மூடியைக் கழற்றி, தண்ணீர் மட்டம் பார்த்துவிட்டு, வேட்டி மாற்ற உள்ளே போனார்.

புது வேலை முடித்த வண்டி, ஊரெல்லாம் பேசிய வண்டி. கண்ணு பட்டிருக்காதா? அண்ணி கைநிறையக் கல்லுப்பு எடுத்து, காரைச் சுற்றி வந்து, முன்னால் நின்று கையை உதறுவதைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். சுற்றின உப்பைத் தண்ணீரில் போட வேண்டும், அது கரையக் கரையக் கண்ணும் கரையும் என்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் எந்தத் தண்ணீரில் போட்டார்கள் என்பது அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. பானட் மறைத்திருந்தது.

அவர் வந்து மூடியை இறுக்கி, வண்டியைக் கிளப்பி, டப்பாவுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் பிளீச்சிங் பவுடர் நெடி வந்தது. மூக்கு எரிந்தது. முன்னால் போய் எட்டிப் பார்த்தால், டப்பாவுக்குள் தண்ணீர் பழுப்பாகி, கொதிக்கிறது போலப் பொங்கிக்கொண்டிருந்தது. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவந்து மூடியைத் திறந்தார். திறந்ததும் நெடி முகத்தில் அடித்தது. அப்படியே காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். நான் செம்பை நீட்டினேன். வாங்கக்கூட முடியவில்லை.

இருமல் அடங்கியதும், யார் இதில் கை வைத்தது என்று கேட்டார்.

"உப்பு சுத்திப் போட்டேம்பா. தண்ணியிலதான போடணும், அங்க தண்ணி இருந்துச்சு" என்றார்கள் அண்ணி, ஒன்றும் புரியாமல்.

அக்காவை அவர் ஒரு சொல் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. கரண்ட் ஓடுகிற தண்ணீரில் உப்பு விழுந்தால் விஷக் காற்று வரும், தொட்டி வேலையில் முதல் நாள் சொல்லித்தருவதே அதைத்தான் என்று, யாருக்கோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார். பிறகு டப்பாவைக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும், கொஞ்ச நேரம்தான் என்று பேட்டரித் தண்ணீர் கேனை எடுக்கக் குனிந்தார்.

நான் அந்தக் கேனின் மேல் கை வைத்தேன். எப்படி வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"வேணாங்க. அதக் கழட்டி வெச்சிட்டு வாங்க. பொண்ணு ஏறுற வண்டியில அது வேணாம்."

"பயந்துக்கினியா?"

"ஆமாங்க."

"தொட்டிகிட்டயே காலம் பூரா நின்னவன் நானு. எனக்குத் தெரியாததா உனுக்குத் தெரியும்?"

"உங்களுக்கு எல்லாம் தெரியும். அண்ணி உப்பு போடுவாங்கன்னு தெரிஞ்சுதா?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கன்னடத்துக்காரம்மா அவள் வாசலில் நின்றிருந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டேன். கையை மட்டும் எடுக்கவில்லை. அவர் டப்பாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் நேரத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

டப்பாவை எடுத்துவிட்டார். ஆனால் இன்ஜினுக்குக் காற்று போகும் பெரிய குழாயில், கேஸை விடுவதற்காக அவர் துளை போட்டிருந்தார். அதற்கு டேப் சுற்றினார். நாங்கள் கிளம்பும்போது ராகுகாலம் பிறந்துவிட்டதா இல்லையா என்று அண்ணிகூடக் கேட்கவில்லை. ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் டேப் எங்கோ விட்டுவிட்டது போல. பானட்டுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் கிளம்பியது. மேட்டில் ஏறினால் உரக்கக் கேட்கும், இறங்கினால் தேயும். தக்காளி லாரிகளை முந்தும்போது கீச்சென்று கத்தும். அவர் வழியில் பங்க்கில் நிறுத்தி பெட்ரோல் போட்டார்.

ராயக்கோட்டையில் வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து, எல்லாம் நன்றாகவே நடந்தது. சம்பந்தி தண்ணீர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று எழுந்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் மருமகன், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வெயில் ஏறுகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

திரும்பும்போது பெண் என் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். கைநிறைய வளையல். விசில் கேட்டதும், "என்னாப்பா சத்தம்? உன்னோட தண்ணி மிஷினா?" என்றாள்.

"அது வூட்டுல கீது. உங்கம்மா கழட்ட வெச்சிட்டா" என்றார்.

பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்சீட்டில் அண்ணி அசந்து தூங்கிப்போயிருந்தார்கள். குலுங்கும்போதெல்லாம் என் கை தானாகவே பெண்ணின் வயிற்றுக்குப் போனது. அந்தச் சத்தம் இருக்கிறதா, மாறுகிறதா என்றே கேட்டுக்கொண்டு வந்தேன். அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும், கழுத்தைச் சாய்த்தே ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவர் இறங்கி நேராக பானட்டைத் திறந்தார். நான் பெண்ணின் கையைப் பிடித்து மெல்ல இறக்கினேன்.